நைட்ரிக் ஆக்ஸைடும் நரம்புச் சிதைவு நோய்களும்: ராயபுரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நைனாவுக்குப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று டாக்டர் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். நான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன், அதனால் தெருவிலும் சரி, ஆஸ்பத்திரி வரிசையிலும் சரி, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று யாராவது நிறுத்திக் கேட்பார்கள். கொஞ்ச நாளாக அதிகம் காதில் விழுவது நைட்ரிக் ஆக்ஸைடு. வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அது மூளைக்கு உயிர் என்கிறது, இன்னொரு வீடியோ அதுதான் மூளையை அரிக்கிறது என்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, குழப்பமே அங்கேதான். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதுவானாலும் உங்கள் டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

நைட்ரிக் ஆக்ஸைடு என்பது சிரிப்பு வாயுதானே?

இல்லை. சிரிப்பு வாயுவின் பெயர் நைட்ரஸ் ஆக்ஸைடு, அதில் நைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று. நைட்ரிக் ஆக்ஸைடில் ஒன்றுக்கு ஒன்று. லாரிப் புகையில் பேசப்படும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு இன்னொன்று, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

வாயு என்கிறீர்கள். அது உடம்புக்குள் எப்படி வந்தது?

உடம்பே செய்துகொள்கிறது. மீன், பருப்பு, வேர்க்கடலை எல்லாவற்றிலும் ஆர்ஜினின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. அதிலிருந்து ஒரு என்சைம் நைட்ரிக் ஆக்ஸைடை உருவி எடுக்கிறது, மிஞ்சுவது சிட்ருலின். அந்த என்சைமில் மூன்று வகை. ஒன்று நரம்பு செல்லில், ஒன்று ரத்தக்குழாயின் உள்சுவரில், மூன்றாவது வீக்கமோ தொற்றோ வரும்போது மட்டும் தயாராவது. முதல் இரண்டும் குழாயைத் திருகித் திறந்து உடனே மூடுகிற மாதிரி, கால்சியம் ஏறும்போது கொஞ்சமாகச் சுரந்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவது அப்படி இல்லை, கால்சியம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது பார்ப்பதே கிடையாது, ஒரு தடவை உருவாகிவிட்டால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

உங்கள் வீட்டில் இதயநோயாளி இருந்தால் இந்த வாயுவை ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்ஸைடைத்தான் விடுகிறது, ரத்தக்குழாய் தளர்கிறது, வலி குறைகிறது. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃப்ரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்காக டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது டைனமைட்டுக்குள் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின். அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் அந்த நோபல் பெயரிலேயே பரிசு கிடைத்தது.

மூளையில் அதற்கு என்ன வேலை?

1988-ல் ஜான் கார்த்வெயிட் என்பவரின் குழு, சிறுமூளை செல்களில், நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் பட்டவுடன் இந்த வாயு வெளிவருகிறது என்று காட்டியது. அதுவரை, ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு பேசுவதென்றால் சின்னச் சின்னப் பைகளில் ரசாயனத்தைக் கட்டி வைத்திருந்து அவிழ்த்து விடும் என்றுதான் பாடம் நடத்தினோம். வாயுவைப் பையில் கட்ட முடியாது. தேவைப்படும்போது அந்த நொடியில் செய்து, அது சவ்வைத் துளைத்துக்கொண்டு பக்கத்து செல்களுக்குப் பரவி, சில விநாடிகளில் காணாமல் போய்விடும். செய்தி வாங்கிய செல்லே, அனுப்பிய செல்லுக்குத் திரும்ப "கிடைத்தது, இன்னும் அனுப்பு" என்று சொல்லவும் இது உதவுகிறது. புதிதாக ஒன்றைக் கற்று மனதில் நிறுத்துவதில் இதற்குப் பங்கு இருக்கிறது. அப்புறம், மூளையின் எந்த இடம் அதிகம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூட்டி விடுவதிலும்.

இவ்வளவு நல்லது செய்வது எப்படிக் கெடுதல் செய்ய ஆரம்பிக்கிறது?

தனியாக இருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு சாது. சூப்பர் ஆக்ஸைடு என்ற இன்னொன்றோடு சேரும்போதுதான் ஆபத்து. செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும்போது கொஞ்சம் சூப்பர் ஆக்ஸைடு சிந்தத்தான் செய்யும், அடுப்பு எரிந்தால் கரி படிகிற மாதிரி. அதைத் துடைக்கவே செல்லில் ஒரு என்சைம் இருக்கிறது, சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர், மிக வேகமானது. அந்த வேகத்தையும் முந்திக்கொண்டு சூப்பர் ஆக்ஸைடைப் போய்ப் பிடிக்கக் கூடியது நைட்ரிக் ஆக்ஸைடு. இரண்டும் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட். 1990-ல் ஜோசப் பெக்மனும் கூட வேலை செய்தவர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பெராக்சிநைட்ரைட் கொழுப்பு, டி.என்.ஏ., புரதம் எதையும் விடாது. புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் ஒரு நைட்ரோ முத்திரை குத்திவிட்டுப் போகும். இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது அந்த முத்திரை தெரிகிறது, இந்த வாயு அங்கே வம்பு செய்தது என்று நமக்குத் தெரிய வந்ததே அப்படித்தான்.

இரண்டாவது வழி, மூச்சு. மைட்டோகாண்ட்ரியா ஆக்ஸிஜனைப் பிடிக்கிற கடைசி இடத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் என்றால் எழுந்து போய்விடும், பாதிப்பில்லை. அளவு மீறினால் நரம்பு செல் சக்தியில்லாமல் தவிக்கும், உடம்பை அசைக்க உதவும் டோபமினைச் செய்கிற, பார்க்கின்சனில் சாகிற செல்கள் மாதிரி ஓயாமல் ஓடுகிற செல்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

மூன்றாவது, புரதத்தின் கந்தகம் இருக்கும் முனையில் இந்த வாயு நேரடியாக ஒட்டிக்கொள்வது. சாதாரண நேரத்தில் அது ஒரு சுவிட்ச், போட்டு அணைக்கலாம். தேவைக்கு மேல் ஒட்டினால் சுவிட்ச் போட்டபடியே மாட்டிக்கொள்கிறது.

சரி, எது அளவை மீற வைக்கிறது? குளூட்டமேட் தேவைக்கு மேல் பாய்வது ஒன்று, அப்போது கால்சியம் உள்ளே வெள்ளமாக வந்து நரம்பு செல்லின் என்சைமை மூட விடாது. இன்னொன்று, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா நாள்பட எரிச்சலில் இருந்து அந்த மூன்றாவது என்சைமை உருவாக்கிவிடுவது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எலியின் செல்களைச் சீண்டினால் அந்த மூன்றாவது என்சைம் தாராளமாக வருகிறது, மனித செல்களில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்கு எழுதிவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பார்க்கின்சனில் இது எப்படி நடக்கிறது?

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நைனா காசிமேட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, குனிந்து மோந்துவிட்டுத்தான் காசை எடுப்பார். ஒரு நாள் சங்கரா வாங்கி வந்தார். அம்மா பையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வீடே நாறியது. "மோந்து பாக்கலையா?" என்றாள். "பாத்தேனே, ஒண்ணும் தெரியலையே" என்றார். சளி என்று நினைத்து விட்டுவிட்டோம். மூன்று வருஷம் கழித்து வலது கை உதறியது, பால் கணக்கு எழுதும் காலண்டரில் எழுத்து ஒவ்வொரு மாதமும் சிறுத்துக்கொண்டே போனது, ஜனவரியில் அரை விரல் உயரம் இருந்த எழுத்து டிசம்பரில் எறும்பு ஊர்ந்த மாதிரி. மூக்கில் வாசனை போவது பார்க்கின்சனில் கை நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே வரக்கூடியது. எனக்கு அது பாடப் புத்தகத்தில் தெரியும், வீட்டில் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1982-ல் கலிஃபோர்னியாவில், வீட்டில் தயாரித்த போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்து போனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் டாக்டர் அவர்களைப் பார்த்து, இது அச்சு அசலாகப் பார்க்கின்சன் என்று கண்டார். காரணம், அந்தப் போதைப்பொருளில் தவறிக் கலந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம். அது டோபமின் செல்லுக்குள் புகுந்து மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்துகிறது. அதற்கப்புறம் உலகம் முழுக்க ஆய்வகங்களில் எலிக்குப் பார்க்கின்சன் மாதிரி வரவைக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். 1996-ல் நரம்பு செல்லின் நைட்ரிக் ஆக்ஸைடு என்சைம் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு இதே விஷத்தைக் கொடுத்தபோது, டோபமின் செல்கள் குறைவாகவே செத்தன. அதே வருஷம் பபூன் குரங்குகளுக்கு அந்த என்சைமைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு விஷத்தைக் கொடுத்தார்கள், அவற்றுக்கு நோய் வரவில்லை. அந்த நாட்களில் இந்தத் துறையில் இருந்தவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2000-ல் இன்னொரு பெரிய துப்பு. பார்க்கின்சன் மூளையில் லூயி உருண்டைகள் என்று புரதக் கட்டிகள் இருக்கும், அவற்றின் முக்கியச் சரக்கு ஆல்ஃபா சைனுக்ளின். அந்தப் புரதத்தில் நைட்ரோ முத்திரை குத்தியிருப்பதைக் கண்டார்கள். 2004-ல் பார்க்கின் என்ற புரதம். கெட்டுப்போன புரதத்தைக் குப்பைக்கு அனுப்ப அடையாளம் போடுவது அதன் வேலை. அதில் இந்த வாயு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுப்பதை, பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையிலேயே பார்த்தார்கள். நம் தெருவில் குப்பை வண்டி ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அல்சைமரில்? அம்மாவுக்கு மறதி நோய் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அல்சைமரில் இந்தக் கதை இன்னும் சிக்கல், ஏனென்றால் ஒரே மூளையில் ஒரு இடத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு போதவில்லை, இன்னொரு இடத்தில் அதிகம். ரத்தக்குழாய்ச் சுவரில் செய்யப்படுவது வயசோடும், பிரஷரோடும், சர்க்கரையோடும் குறைகிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது. அந்த என்சைம் இல்லாத எலிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் கூடுவதை 2010-ல் காட்டினார்கள். இன்னொரு பக்கம், அமிலாய்டு படிந்த இடத்தைச் சுற்றி மைக்ரோகிளியா கூடி எரிந்துகொண்டிருக்கும். அல்சைமரில் கெட்டுப்போகும் இன்னொரு புரதமான டாவிலும் அதே நைட்ரோ முத்திரை தெரிகிறது.

அப்படியானால் மைக்ரோகிளியாவின் என்சைமை மட்டும் எடுத்துவிட்டால்? 2005-ல் ஒரு குழு அல்சைமர் எலிகளில் அதைச் செய்தது, எலிகள் நன்றாக இருந்தன, படிவும் குறைந்தது. சில வருஷங்களில் இன்னொரு குழு வேறு வகை அல்சைமர் எலிகளில் அதையே செய்தது, அங்கே டாவ் கெட்டு, நரம்பு செல்கள் செத்து, நிலைமை மோசமானது. நான் வகுப்பில் இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். ஒரு வாயுவை நல்லது, கெட்டது என்று பிரிக்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டியது இது.

உங்கள் அம்மாவுக்கு மெமான்டின் எழுதியிருந்தால், அது இந்தப் பாதையின் மேல் மடையில் உட்காருகிற மருந்து. குளூட்டமேட் தேவையில்லாமல் கசிந்துகொண்டே இருப்பதை மட்டுப்படுத்துகிறது, சாதாரணப் பேச்சை விட்டுவிடுகிறது. நோயைத் திருப்பாது. நடுத்தர, முற்றிய நிலையில் கொஞ்சம் உதவும்.

மற்ற நரம்பு நோய்களில்?

ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்த ஏ.எல்.எஸ். என்ற, தசையை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் நோயில், மேலே சொன்ன சூப்பர் ஆக்ஸைடைத் துடைக்கும் என்சைமின் மரபணுப் பிழை சில குடும்பங்களில் காரணம் என்று 1993-ல் தெரிந்தது. அந்த வருஷமே பெக்மன், பிழையான என்சைம் பெராக்சிநைட்ரைட்டோடு சேர்ந்து புரதங்களைக் கெடுக்கலாம் என்று எழுதினார். ஹன்டிங்டன் நோயின் வேர் வேறு, அது மரபணு நோய், இந்த வாயு அங்கே பக்க வாத்தியம்தான்.

இவ்வளவு தெரிந்தும் இந்த வாயுவைத் தடுக்கும் மாத்திரை ஏன் வரவில்லை?

தடுத்துப் பார்த்தார்கள், மூளைக்காக அல்ல, வேறொரு அவசரத்துக்காக. தொற்று முற்றி பிரஷர் விழுந்துபோகும் நோயாளிகளில் நைட்ரிக் ஆக்ஸைடு அளவு மீறி இருக்கும், அதை நிறுத்தினால் பிழைப்பார்கள் என்று நினைத்து, மூன்று என்சைமையும் சேர்த்துத் தடுக்கும் ஒரு மருந்தை 797 பேர் இருந்த ஆய்வில் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வெளிவந்தது. பிரஷர் ஏறியது. ஆனால் 28 நாளில் மருந்து வாங்கியவர்களில் 59 சதவீதம் பேரும், வாங்காதவர்களில் 49 சதவீதம் பேரும் இறந்துபோனார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் உறுப்புகளுக்கு நடந்தது.

நரம்பு செல்லின் என்சைமை மட்டும் தடுக்கலாமே என்றால், மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால் ஒன்றை மட்டும் பிடிக்கும் மருந்து செய்வது கஷ்டம், அதுவும் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய வேண்டும். நேரம் இன்னொரு தடை. நைனாவுக்குக் கை உதறிய அன்று, அந்த இடத்து டோபமின் செல்களில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே போயிருக்கும். அந்தக் குரங்குகளுக்கு விஷத்துக்கு முன்னால் மருந்து கொடுத்தார்கள். நமக்கு யார் முன்னால் வந்து சொல்கிறார்கள்?

வைட்டமின் இ கொடுத்துத் துடைக்கலாம் என்றும் பார்த்தாயிற்று. 800 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது, தினம் 2000 யூனிட் கொடுத்தும் பலன் இல்லை.

நைட்ரிக் ஆக்ஸைடு பூஸ்டர் என்று டப்பாவில் பவுடர் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜிம்முக்குப் போகிற பசங்களுக்கு விற்கும் கடை ஒன்றில், "மூளைக்கு ரத்தம் ஏறும், கை நடுக்கம் நிக்கும்" என்று சொல்லி என் தம்பியிடம் ஒரு டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தது ஆர்ஜினினும் சிட்ருலினும். தம்பி பாசத்தில் வாங்கி வந்தான், நைனாவும் ஆசையோடு காலையில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தார், என்னிடம் சொல்லவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, விடிகாலையில் பாத்ரூம் போக எழுந்தவர் வாசற்படியிலேயே சரிந்தார், புருவத்தில் நாலு தையல். டாக்டர், "சாப்பிடற எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். டப்பாவைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் நைனாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார், 130. எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தார், 92. பார்க்கின்சன்காரர்களுக்கு நிற்கும்போது பிரஷர் விழுவது அடிக்கடி வரும் தொல்லை, சிலருக்குப் பார்க்கின்சன் மாத்திரையாலும் கூடும். அதன் மேல் ரத்தக்குழாயைத் தளர்த்துவதற்கென்றே ஒன்றைக் குடித்தால் என்ன ஆகும்? நைனா விழுந்ததற்கு அந்தப் பவுடர் மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்திய பிறகு அவர் அப்படிச் சரியவில்லை.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. 153 பேர். ஆர்ஜினின் வாங்கியவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. பலனும் இல்லை. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். தேவையான இடத்தில் மட்டும் போய் வேலை செய் என்று பவுடரிடம் யாரும் சொல்ல முடியாது.

பீட்ரூட், கீரை சாப்பிடலாமா?

தாராளமாக, சாப்பாடாக. பீட்ரூட், முளைக்கீரை, பாலக் இவற்றில் நைட்ரேட் அதிகம். அது நைட்ரிக் ஆக்ஸைடாக மாறும் வழி அழகானது: சாப்பிட்ட நைட்ரேட் ரத்தத்தில் கலந்து எச்சிலுக்குத் திரும்பி வருகிறது, நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, விழுங்கியதும் அது நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. அதனால்தான் கிருமி கொல்லும் மவுத்வாஷைத் தினமும் கொப்பளித்தால் இந்த வழி அடைபட்டு பிரஷர் லேசாக ஏறுவதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வந்த ஒரு லண்டன் ஆய்வில், பிரஷர் உள்ளவர்கள் தினம் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ் நாலு வாரம் குடித்தபோது மேல் பிரஷர் சுமார் 8 குறைந்தது. வயதானவர்களின் மூளை முன்பகுதியில் ரத்த ஓட்டம் கூடியதை 2011-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. இதெல்லாம் ரத்த ஓட்டக் கணக்கு. பீட்ரூட் குடித்து அல்சைமர் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிற்கும்போது தலை சுற்றுகிறவர்கள் ஜூஸாக வேண்டாம், பொரியலாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணலி, எண்ணூர் காற்றில் இருப்பது இதே வாயுவா?

பாதி ஆம். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, கன்டெய்னர் லாரி என எங்கே அதிக வெப்பத்தில் எரிந்தாலும் முதலில் வருவது நைட்ரிக் ஆக்ஸைடுதான், காற்றில் கலந்ததும் அது நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறிவிடும். மூளை தனக்காகச் செய்துகொள்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, மூக்கு வழியாக இழுத்தது போய் மூளையில் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் அந்தப் புகையில் கூடவே வரும் நுண்துகள் நுரையீரலையும் ரத்தக்குழாயையும் எரிச்சலாக்குகிறது, அந்த எரிச்சல் மைக்ரோகிளியாவரை போகிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காற்று மாசு அதில் ஒன்று. நைட்ரஜன் டை ஆக்ஸைடுக்கு நம் நாட்டு வருடாந்தர வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 10. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசைக்கு நடுவே குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்களிடம் பீட்ரூட் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பகுதிக் காற்றுக்கு எங்களிடம் யாரும் கேட்டுக்கொண்டு அனுமதி கொடுக்கவில்லை.

எங்கள் ஏரியாவில் பாக்சிங் ஆடினவங்களுக்கு வயசான பிறகு கை நடுங்குதே, அதுவும் இதுதானா?

தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் மூளை சிதையும் என்று 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் குத்துச்சண்டை வீரர்களை வைத்து எழுதினார். ஒவ்வொரு பலத்த அடிக்கும் குளூட்டமேட் கொட்டுகிறது, கால்சியம் பாய்கிறது, அப்புறம் நாள்கணக்கில் மைக்ரோகிளியா எரிகிறது. மேலே சொன்ன இரண்டு மடையும் ஒரே நேரத்தில் திறக்கிற மாதிரி. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார், எங்கள் நைனா அதைப் பற்றி இன்றைக்கும் கண் விரியப் பேசுவார். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அவருக்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் டாக்டர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பயிற்சிக்குப் போகும் பசங்களை நிறுத்தச் சொல்லவில்லை. தலையில் பலமாக அடி பட்ட பிறகு தலை சுற்றினால், வாந்தி வந்தால், அன்று பயிற்சி வேண்டாம், டாக்டர் சொல்லும்வரை ரிங் பக்கமே போக வேண்டாம். அந்த ஒன்றில் மட்டும் பயிற்சியாளர்கள் கறாராக இருங்கள்.

ரத்தத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு என்று டெஸ்ட் எடுக்கலாமா?

பணம் வீண். சில விநாடிகளில் மறைகிற வாயு அது. லேபில் பார்ப்பது அது மாறிப்போன நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும்தான், நேற்று ராத்திரி கீரை சாப்பிட்டாலே அந்த எண் ஏறிவிடும். எச்சிலில் நனைக்கும் பட்டையும் அதே கதைதான். அல்சைமர், பார்க்கின்சன் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது.

வயாகரா மூளைக்கு நல்லது என்று படித்தேன், உண்மையா?

வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் இந்த வாயுவின் வேலையை நீட்டிக்கும் மருந்து, அதனால் இந்த யோசனை வந்தது. 2021-ல் அமெரிக்க இன்சூரன்ஸ் பதிவுகளைப் பார்த்தவர்கள் அதை எடுத்தவர்களுக்கு அல்சைமர் குறைவு என்றார்கள், அடுத்த வருஷமே வேறொரு குழு பதிவுகளைப் பார்த்து அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்றது. சார்பிட்ரேட் எடுப்பவர்கள் அதோடு இதைச் சேர்த்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். தாத்தாவின் பையில் சார்பிட்ரேட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

பூனைக்காலி விதை பவுடர் நடுக்குவாதத்துக்கு நல்லதாமே?

அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, டாக்டர் கொடுக்கும் மாத்திரையில் இருக்கிற அதே சரக்கு. பிரச்சினையே அதுதான். மாத்திரை மேல் மாத்திரை போட்ட மாதிரி ஆகிவிடும், எவ்வளவு போகிறது என்றும் தெரியாது. எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அப்போ வீட்டில் இருக்கிறவர்கள் இப்போதைக்கு என்னதான் செய்வது?

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய விடுவதுதான் நம் கையில் இருக்கிறது. பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் அந்தச் சுவரின் என்சைமை நேராகக் கெடுப்பவை, விட வேண்டும். நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி உரசுவதே அந்தச் சுவரை நைட்ரிக் ஆக்ஸைடு செய்யத் தூண்டும், எந்த டப்பாவும் தராத அளவில், தேவையான இடத்தில். நானும் நைனாவும் சாயந்தரம் ராபின்சன் பூங்காவில் மூன்று சுற்று போகிறோம், அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் அடுத்த அடி வந்துவிடும். இந்த எண்ணும் வித்தையை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற ஒரு அக்கா சொல்லிக் கொடுத்தார். காது மந்தமாக இருந்தால் கருவி போடுங்கள், அதுவும் லான்செட் பட்டியலின் அந்த 14-ல் ஒன்று.

பார்க்கின்சன்காரர்கள் லெவோடோபா உள்ள சின்டோபா மாதிரி மாத்திரையைக் கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுப்பது பலருக்குச் சரியாக வருகிறது, மீன், முட்டை, பருப்பின் புரதம் அந்த மருந்தோடு போட்டி போடும். திடீரென்று நீங்களாக நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்து உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாசனை தெரியாமல் போனாலே பார்க்கின்சன்தானா? மாத்திரை எடுத்தால் வாசனை திரும்புமா?

இல்லை, பயப்படாதீர்கள். சளி, மூக்குச் சதை, கொரோனா, வெறும் வயசு என்று காரணம் நிறைய இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் வாசனையே இல்லை, கூடவே மலச்சிக்கல், தூக்கத்தில் கை காலை வீசிக் கத்துவது, எழுத்து சிறுத்துப்போவது என்று சேர்ந்து வந்தால் ஸ்டான்லியிலோ சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலோ நரம்பியல் ஓ.பி.யில் ஒரு தடவை காட்டிவிடுங்கள், காலண்டரையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது உதவும்.

வாசனை திரும்புவது பற்றிக் கேட்டால், லெவோடோபா கையையும் காலையும் ஓட வைக்கும், மூக்கைத் திருப்பித் தராது. காசிமேட்டுக்கு இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போகிறோம். செவுளைத் தூக்குவது நைனா, பேரம் பேசுவதும் அவர்தான், அதில் இன்றும் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. தூக்கிப் பிடித்தபடி என் பக்கம் திரும்புவார், நான் குனிந்து மோந்து பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் காசை எடுப்பார்.